பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். சர்வே எடுக்கிறோம் என்று வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இதெல்லாம் எதுக்கு மக்களே கேக்கிய, ரேஷன் கார்டுல கை வைக்கவா?" தூத்தூர் பக்கம் கடப்புறத்திலும் கேட்பார்கள், கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத்திலும் கேட்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாட்டில் இருக்கிறார், கடன் எவ்வளவு, யாருக்கு என்ன நோய், போன மாதம் மருந்துக்கு எவ்வளவு ஆச்சு என்று முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து மணிக்கணக்கில் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் யோசனை வரத்தான் செய்யும்.

நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். இந்தப் பதில்களெல்லாம் பிறகு எங்கே போகின்றன, ஆராய்ச்சி செய்கிறவர்கள் கைக்கு அவை எப்படி வருகின்றன, வரும்போது அவர்களுக்கு என்னென்ன கட்டுப்பாடு என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். முனைவர் பட்டம் செய்கிற பிள்ளைகள் இந்தக் கட்டுப்பாடுகளைத் திட்டாத நாள் கிடையாது. எனக்கு அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் பதில் சொன்ன அந்த அம்மாவின் திண்ணையில் நின்று பார்த்தால் இந்த விதிகள் ஒன்றுகூட அதிகம் இல்லை.

முதலில் சட்டம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948இல் வந்தது. அதன் 15ஆவது பிரிவின்படி, கணக்கெடுப்பாளர் எழுதிக்கொண்டு போன விவரத்தை வேறு யாரும் பார்க்கக் கேட்க முடியாது, ஒரு சிவில் வழக்கில் அதைச் சாட்சியமாகக்கூடக் கொண்டுவர முடியாது. அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வந்து, "சென்சஸில் இவன் இந்த வீட்டில் இருந்ததாக எழுதவில்லை, எடுத்துப் பாருங்கள்" என்று நீதிமன்றத்தில் நின்று சொன்னாலும் நடக்காது. மற்ற சர்வேக்களுக்கு 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 11ஆவது பிரிவுதான் ஆய்வாளர்களுக்கான வாசல். தனித்தனி நபர்களின் விவரத்தை உண்மையான ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, உடனே நிபந்தனையையும் போடுகிறது. பெயரும் முகவரியும் நீக்கப்பட்டிருக்க வேண்டும், ஆராய்ச்சிக்கு மட்டும்தான் பயன்படுத்துவேன் என்று ஆய்வாளர் எழுதிக் கொடுக்க வேண்டும், தரவின் பாதுகாப்புக்குக் குறை வராது என்று அரசுக்குத் திருப்தி வர வேண்டும். அதோடு விடவில்லை. அரசே வெளியிடக்கூடிய அளவுக்கு மேல் ஒரு வார்த்தைகூட ஆராய்ச்சி முடிவில் வெளிவரக் கூடாது.

சரி, பெயரையும் முகவரியையும்தான் எடுத்தாச்சே, அப்புறம் என்ன பயம் என்று கேட்கலாம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டு விவரங்களை, பெயர் எல்லாம் நீக்கி, ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். யாருக்கும் ஆபத்தில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்டும் உறுதி சொன்னார். லத்தான்யா ஸ்வீனி என்று ஒரு மாணவி அப்போது எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்தார். ஆளுநர் குடியிருந்த ஊரின் வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆளுநரின் பிறந்த தேதியில் பிறந்தவர்கள் அந்த ஊரில் ஆறு பேர், அதில் ஆண்கள் மூன்று பேர், அவருடைய பின்கோடில் இருந்தது அவர் ஒருவர் மட்டும். அவ்வளவுதான், ஆளுநரின் மருத்துவ விவரம் ஸ்வீனியின் மேஜைக்கு வந்துவிட்டது. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பின்கோடு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காட்டிவிடலாம் என்று பிறகு அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அதை இங்கே கொண்டுவந்து பாருங்கள். 1,700 சதுர கிலோமீட்டர்கூட இல்லாத மாவட்டம் நம்முடையது, 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். கூட்டம் அதிகம், அதில் ஒளிந்துகொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஊர் ஊராகப் பிரித்தால் கதை வேறு. மேற்குக் கடற்கரையில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 வயதுப் பெண், ஓகிப் புயல் வந்த வருஷத்தில் கணவரை இழந்தவர், எம்எஸ்சி படித்தவர், மூன்று பிள்ளைகள். பெயர் எங்கேயும் இல்லை. அந்த ஊர்க்காரர் யாராவது அந்த வரியைப் பார்த்தால் ஆள் யாரென்று சொல்ல அரை நிமிஷம் போதும், அவருக்கு எவ்வளவு கடன், எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதெல்லாம் அதே வரியில் பக்கத்திலேயே இருக்கும். பேச்சிப்பாறை மலையில் இருக்கிற காணி மக்களை எடுத்தால் இன்னும் சிக்கல். மாவட்டத்தில் பழங்குடியினர் ஒரு சதவீதம்கூட வராது, அதில் ஒரு குடியிருப்பு, அதில் ஒரு பட்டதாரி என்று போனால் பெயர் எழுதி ஒட்டியது மாதிரிதான்.

இப்போது இது இன்னும் நெருக்கமாகிறது. 2025 ஜனவரியிலிருந்து காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் பெரும்பாலும் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கிறார்கள். நல்ல விஷயம், நம்ம மாவட்டத்துக்கென்று வேலைவாய்ப்புக் கணக்கு வேண்டும் என்று எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆனால் கணக்கு எவ்வளவு நுணுக்கமாகிறதோ அவ்வளவுக்கு ஆளை அடையாளம் காண்பதும் சுலபமாகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ள வழியில்லை.

தரவை வேண்டுமென்றே கொஞ்சம் மங்கலாக்கிக் கொடுப்பதும் உண்டு. குடும்ப நல ஆய்வு மாதிரியான சர்வேக்களில் கிராமம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் அப்படியே காட்டமாட்டார்கள். நகரமென்றால் 2 கிலோமீட்டர் வரைக்கும், கிராமமென்றால் 5 கிலோமீட்டர் வரைக்கும் புள்ளியைத் தள்ளி வைப்பார்கள், நூற்றில் ஒரு கிராமத்தை 10 கிலோமீட்டர் வரைகூட நகர்த்துவார்கள். ராஜஸ்தானில் 5 கிலோமீட்டர் பெரிய விஷயமில்லை. நம்ம ஊரில் கடற்கரையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே வந்தால் மீன்பிடி போய்த் தென்னை, வாழை, வயல் என்று பிழைப்பே மாறிவிடுகிறது. மணவாளக்குறிச்சி கருமணலுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க நினைக்கிற ஒருவருக்கு இந்த மங்கலான புள்ளியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் மங்கலாக்காத, முழு விவரமுள்ள தரவு தேவைப்படுகிறது. அதைக் கையில் கொடுத்து அனுப்பமாட்டார்கள், நாம்தான் அது இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

அந்த இடம் எப்படி இருக்கும்? பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தில் தரவைக் கொடுக்கலாமா என்று ஐந்து கேள்வி வைத்து முடிவு செய்கிற ஒரு முறையை உருவாக்கினார்கள், இன்றைக்குப் பல நாடுகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. ஆராய்ச்சி எதற்கு, செய்கிறவர் யார், எங்கே உட்கார்ந்து செய்வார், தரவில் என்ன இருக்கிறது, வெளியே கொண்டுபோவது என்ன. அமெரிக்காவில் சென்சஸ் தரவைத் தொட வேண்டுமென்றால் ஆய்வாளரும் சென்சஸ் ஊழியர் மாதிரியே சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும், அந்தப் பிரமாணம் ஆயுள் முழுக்கச் செல்லும், மீறினால் 5 வருஷம் வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். நம் நாட்டில் சென்சஸின் நுண்தரவில், அதாவது பெயர் நீக்கிய தனித்தனி ஆட்களின் விவரத்தில், மாதிரியாக எடுத்த ஒரு பங்கை டெல்லி ஜேஎன்யூ உட்படச் சில பல்கலைக்கழகங்களில் அதற்கென்று அமைத்த கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இப்படிப்பட்ட அறைக்குள் போகும்போது பொதுவாகப் போன் வெளியே, பென் டிரைவ் வெளியே. கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இருக்காது, யுஎஸ்பி துளையெல்லாம் அடைத்திருக்கும். நம்ம பாஸ்வேர்டைக் கூட்டாளிக்குக் கொடுக்கக் கூடாது, ஒரே ஆராய்ச்சியில் சேர்ந்து வேலை செய்தாலும் கொடுக்கக் கூடாது. திரையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வருவதும் தப்புதான். போட்ட அட்டவணையை நாமே எடுத்துக்கொண்டு வர முடியாது, அங்கே இருக்கிற ஒருவர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அது நமக்கு வரும்.

அவர் என்ன பார்ப்பார் என்பதுதான் எனக்கு இந்த வேலையிலேயே ரொம்பப் பிடித்த பகுதி. அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் பல மையங்களில் விடமாட்டார்கள். அது சுலபம், யாரும் கண்டுபிடித்துவிடலாம். கஷ்டமானது வேறு. ஒரு மாணவர் ஒரு வட்டாரத்தில் மனநலச் சிகிச்சை எடுத்தவர்கள் 43 பேர் என்று ஒரு அட்டவணை போடுகிறார். நாலு பக்கம் தள்ளி, பட்டதாரிகளை விட்டுவிட்டால் 42 என்று இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பெரிய எண், யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. கழித்துப் பாருங்கள், சிகிச்சை எடுத்த ஒரே ஒரு பட்டதாரி நம் முன்னால் வந்து நிற்பார். ஆலைக் கணக்கில் இன்னொரு விதம். ஒரு வட்டாரத்தில் முந்திரி ஆலை பன்னிரண்டு, அதில் ஒன்று மட்டும் பெரிசு என்றால், மொத்த உற்பத்தியைச் சொல்வதும் அந்தப் பெரிய ஆலையின் உற்பத்தியைச் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான், பத்துக்கு மேல் ஆலை இருந்தும் பிரயோஜனமில்லை. தொழிற்சாலைகளின் வருடாந்தரக் கணக்கெடுப்பில் முன்பு ஒரு வடிவத்தில் ஆலைக்கு நிலையான எண் இருக்கும், மாவட்டம் இருக்காது. இன்னொரு வடிவத்தில் மாவட்டம் இருக்கும், எண் இருக்காது. நம்ம ஆய்வாளர்கள் சும்மா இருப்பார்களா, இரண்டையும் வாங்கி ஒட்டவைத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது நல்ல ஆராய்ச்சிக்குத்தான். ஆனால் அப்படி ஒட்டவைக்க முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது.

அறைக்கு வெளியே நடப்பதுதான் எனக்குப் பயம். களப்பணிக்குப் போய்வந்த பிள்ளைகள், பெயர் ஊர் போன் நம்பர் எல்லாம் இருக்கிற எக்செல் கோப்பை வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிப் பிரின்ட் எடுக்கிறார்கள். கடையின் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பைப் பாருங்கள், ஆதார் கார்டு, கல்யாணப் பத்திரிகை, அதற்கு நடுவில் முந்நூறு வீடுகளின் கடன் கணக்கு. யாரும் திருடவில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை, அழிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். நான் பார்த்தவரைக்கும் தரவு வெளியே போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக்கென்று வாங்கிய விவரம் நிர்வாகத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆராய்ச்சிக்கு விலக்குக் கொடுக்கும்போது, அந்தத் தரவை வைத்துத் தனி ஒருவரைப் பற்றிய எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவில் 1942இல் போர்க்காலச் சட்டம் போட்டு சென்சஸ் ரகசியத்தைத் தளர்த்தினார்கள். ஜப்பானிய வம்சாவளியினர் எந்தத் தெருப்பக்கம் எத்தனை பேர் என்ற கணக்கு கைமாறியது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சென்சஸ் அலுவலகம் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2000ஆவது ஆண்டில்தான். ரேஷன் கார்டில் கை வைப்பீர்களா என்று கேட்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிற இளம் ஆய்வாளர்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

சரி, பிள்ளைகளின் குறைக்கு வருகிறேன். விதி கடுமையாக இருக்கட்டும், ஆனால் அந்த அறை எங்கே இருக்கிறது? நாகர்கோவிலில் இருக்கிற ஒரு மாணவி டெல்லிக்கு ரயிலேறிப் போய், அறை வாடகை கொடுத்துத் தங்கி, ஒரு அட்டவணை திரும்பி வரும்வரை காத்திருப்பது நடக்கிற காரியமா? கடைசியில் என்ன ஆகிறது, வசதியுள்ள நிறுவனங்களில் இருக்கிறவர்கள் நம்ம மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறார்கள், ஆறு கடலில் சேரும் பொழிமுகம் எது, வயல்வெளியான ஏலா எது என்று தெரிந்த பிள்ளைகள் பொதுவில் கிடைக்கிற தரவோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பொதுத் தரவும் லேசுப்பட்டதில்லை, புள்ளியியல் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்தால் பெயர் நீக்கிய சர்வே கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. என் மாணவர்களை முதலில் அதைக் கரைத்துக் குடித்துவிட்டு வரச் சொல்கிறேன். முக்கால்வாசிப் பேருக்கு அதற்கு மேல் தேவைப்படுவதில்லை.

மிச்சக் கால்வாசிப் பேருக்குத் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஒரு பாதுகாப்பான அறை வேண்டும். நம்ம கலை, அறிவியல் கல்லூரிகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருக்கின்றன, ஒன்றரை இரண்டு மணி நேரப் பஸ் பயணம், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். பூட்டுகிற கதவு, இன்டர்நெட் இல்லாத நாலு கம்ப்யூட்டர், வருகைப் பதிவேடு, இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. 43இலிருந்து 42ஐக் கழித்துப் பார்க்கத் தெரிந்த, துறைத்தலைவரே கேட்டாலும் "இது வெளியே போகாது சார்" என்று சொல்கிற தைரியம் இருக்கிற இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து வைப்பதுதான் பெரிய வேலை. கட்டடத்துக்கு நிதி கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டு பணியிடங்களைக் கேளுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.