குமரியும் கும்ரியும்

(நாகர்கோவிலில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. கைதட்டலையும் மைக் கோளாறையும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியையும் எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, வரவேற்புரை தந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, நாற்காலி குறைந்ததும் தன் வீட்டிலிருந்தே எடுத்துவந்த நூலகர் அவர்களே, சால்வை வேண்டாம், புத்தகம் போதும் என்று சொல்லியும் சால்வையே போர்த்திய ஊராட்சித் தலைவர் அண்ணாச்சி அவர்களே, யாரையாவது விட்டிருந்தால் கோபிக்காமல் காப்பி குடித்துவிட்டுப் போகவேண்டிய பெரியோர்களே, மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒரே ஓசை, வேறு வேறு மொழி என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று பகுதியாகப் பேசுகிறேன். ஓசை ஒன்றாக இருந்து பொருள் வேறான சொற்கள் முதலில். ஓசையும் பொருளும் ஒன்றாக இருந்தும் உறவில்லாத சொற்கள் அடுத்தது. உண்மையிலேயே கடல் கடந்து போன நம் சொற்கள் கடைசியில். மூன்றுக்கும் என் தாத்தா சொல்லும் பழமொழி ஒன்றுதான்: மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே.

நம் குமரியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் இருக்கும் வேல்ஸ் நாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டைச் சொல்வது ‘கம்ரி’. ஒரே நாட்டார் என்ற பொருளுள்ள பழைய கெல்டிக் சொல்லிலிருந்து வந்தது. அரபியிலும் உருதுவிலும் ‘கும்ரி’ என்றால் ஒருவகைப் புறா. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கொமோரோஸ் தீவுகள் இருக்கின்றன. அந்தப் பெயர் நிலாவைக் குறிக்கும் ‘கமர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் ‘கேப் கொமோரின்’ என்று எழுதிவைத்ததுதான் நம் குமரி. இந்த நாலையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக்கி, கடல்கோளையும் சேர்த்து, எனக்கு வாட்ஸ்அப்பில் தினமும் அனுப்புகிறார் ஒரு நண்பர். அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். புறநானூற்றின் ஆறாம் பாட்டில் குமரி இருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பிலும், இங்கே வந்து நீராடியவர்களைப் பற்றிய செய்தியோடு குமரி இருக்கிறது. இது போதாதா? வேல்ஸ் வேறு வேண்டுமா?

எங்கள் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் கதையைச் சொல்கிறேன். குளச்சல்காரர், ஈரானுக்கு மீன்பிடிக்கப் போனார். முதல் நாளே வலை கிழிந்துவிட்டது. படகுத் தலைவர் கிழிசலைக் காட்டி என்னவோ கேட்டார். வலை பின்னத் தெரிந்தவர் யார் என்றுதான் கேட்கிறார் என்று அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்து, “நான்! நான்!” என்றார். பாரசீகத்தில் நான் என்றால் ரொட்டி. பாவம், பசி போலிருக்கிறது என்று தலைவர் ஒரு ரொட்டியை நீட்டினார். இவரும் மரியாதைக்காகத் தின்றார். சாயங்காலம் எஞ்சினுக்கு ஆள் வேண்டும் என்பதுபோல் கையசைத்தார்கள். மறுபடியும் “நான்!” மறுபடியும் ரொட்டி. ராத்திரி, அடுப்படியில் குறைந்த ரொட்டியை யார் தின்றது என்று சண்டை வந்தது. என்ன சண்டை என்று தெரியாமல் இவர் நடுவில் போய், “நான் இல்லை, நான் இல்லை” என்றார். அவர்களுக்கு ‘இல்லை’ எங்கே புரியப்போகிறது? இரண்டு ரொட்டி கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள்! ஊர் திரும்பும்வரை அவருக்கு வேலை குறைவு, சாப்பாடு அதிகம். மலையாளம் கலந்து பேசும் விளவங்கோட்டுக்காரராக இருந்தால் ‘ஞான்’ என்று சொல்லிப் பட்டினி கிடந்திருப்பார்.

சரி, இரண்டாவதுக்கு வருவோம். சீனத்திலும் ‘நீ’ என்றால் நீதான். சொந்தம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ம்பாபரம் என்று ஒரு பழங்குடி மொழி. 1960களில் டிக்சன் என்ற மொழியியலாளர் அந்த மொழிக்காரரிடம் நாய்க்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். ‘டாக்’ என்று பதில் வந்தது. ஆங்கிலக் கடன் என்றுதான் யாரும் நினைப்போம். அக்கம்பக்கத்து மொழிகளில் நாய்க்கு ‘குடாகா’, ‘குடா’ என்று இருக்கிறது. அந்தச் சொல் தேய்ந்து தேய்ந்துதான் இங்கே ‘டாக்’ ஆகியிருக்கிறது. மொட்டைத் தலை, முழங்கால்!

இப்போது நம் விஷயம். கிர்கிஸ் மொழியில் ஏரிக்கு ‘கொல்’, துருக்கியிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். கிர்கிஸ்தானில் உள்ள இசிக்குல் என்ற பெரிய ஏரியின் பெயரில் இருக்கும் ‘குல்’லும் அதுதான். நமக்குக் குளம். இரண்டும் உறவென்று யாரும் நிறுவவில்லை, எனவே நானும் முடிச்சுப் போடமாட்டேன். ஆனால் அந்த மத்திய ஆசிய ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் வரித்தலை வாத்து, குளிர்காலத்தில் நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்துக்கு வருகிறது. நம் சுசீந்திரம், தேரூர்க் குளங்களும் அந்தப் பறவைப் பாதையின் தென்கோடியில்தான் இருக்கின்றன. 2022இல் அவற்றுக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்தது. தகுதி வந்தது, ஆகாயத்தாமரை போனதா?

நம் குளங்களுக்குத் தண்ணீர் தரும் பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. கால்வாயில் வரும் தண்ணீர் குளத்தில் நிறைந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த குளத்துக்குப் போகும். நடுவில் ஒரு குளத்தில் மண் அடித்தால் கீழே உள்ள ஏலா, அதாவது வயல்வெளி, முழுக்கக் காயும். எங்கள் ஊர்க் குளத்தின் ஒரு மூலையில் லாரி லாரியாக மண் தட்டினார்கள். புகார் கொடுக்கப் போனால், “குளம் எங்கே முடிகிறது என்று உங்களால் காட்ட முடியுமா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார் ஓர் அலுவலர். காட்ட முடியாதுதான், எல்லைக்கல்லைக் காணோமே! ஒரு தாலுகாவுக்கே கல்குளம் என்று பேர் வைத்திருக்கிறோம், குளத்துக்கு நாலு கல் நட முடியாதா? சொல் ஆராய்ச்சி அப்புறம் செய்யலாம் அய்யா, முதலில் அளந்து கல் நடுங்கள், பெயர்ப்பலகை வையுங்கள், மடையைத் திருத்துங்கள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது பகுதி: நம் கப்பல் மலாயில் ‘கபால்’, கடை ‘கெடாய்’. இது மொட்டைத் தலை முடிச்சு இல்லை, நிஜக் கடன். மீதி அடுத்த கூட்டத்தில். குள அளவை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காப்பிக்குப் போங்கள். வாட்ஸ்அப் நண்பர் முதலில் போடட்டும். வணக்கம்.