டாமி பர்ன்ஸ்: ஒரே ஒரு கோப்பை ஜெயித்தவரை செல்டிக் ஏன் இப்படிக் கொண்டாடுகிறது?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கால்பந்து அணியான செல்டிக்கைப் பற்றி நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டாமி பர்ன்ஸ் மூன்று வருடம் செல்டிக் மேலாளராக இருந்து ஒரே ஒரு கோப்பைதான் ஜெயித்தார். அப்புறம் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டார். அப்படியிருந்தும் அவர் பெயரைச் சொன்னால் கிளாஸ்கோவில் ஏன் இவ்வளவு உருகுகிறார்கள்?"

கோப்பைக் கணக்கு சரிதான். ஆனால் இளையோர் பயிற்சியை நீங்கள் ஒரு படி இறக்கமாக நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. என்னைக் கேட்டால், விளையாடுவதை நிறுத்திய பிறகு அவர் செல்டிக்குக் கொடுத்ததில் பெரும்பங்கு அந்த வேலையில்தான் இருக்கிறது.

முதலில் வீரராக அவரைப் பார்த்துவிடுவோம். 1956 இல் கிளாஸ்கோவின் கால்டன் பகுதியில் பிறந்தவர். செல்டிக் மைதானத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். 1975 இல் பெரிய அணிக்கு வந்தார். செம்பட்டைத் தலை, இடதுகால் மிட்ஃபீல்டர். ஆறு லீக் பட்டங்கள். அதில் 1988 செல்டிக்கின் நூற்றாண்டு ஆண்டு, லீக்கும் ஸ்காட்டிஷ் கோப்பையும் சேர்ந்தே கிடைத்தன. 1989 டிசம்பரில் நெதர்லாந்து அணியான அஜாக்ஸுடன் நடந்த நட்பு ஆட்டம்தான் அவருடைய விடைபெறும் ஆட்டம். முடிந்ததும் காலில் கிடந்த பூட்ஸைக் கழற்றி ரசிகர் கூட்டத்துக்குள் வீசிவிட்டுப் போனார். ரசிகர்களோடு அவருக்கு இருந்த அந்த உறவுக்கும் கோப்பை எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு கில்மார்னாக் என்ற இன்னொரு ஸ்காட்லாந்து அணியில் வீரராகவும் மேலாளராகவும் இருந்து, 1993 இல் அந்த அணியை முதல்நிலை லீக்குக்கு ஏற்றினார். அடுத்த வருடமே செல்டிக் கூப்பிட்டது. அவர் வந்த நேரம் அப்படி: சொந்த மைதானத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அணி கிளாஸ்கோவின் ஹேம்ப்டன் மைதானத்தில் வாடகைக்கு ஆடியது. அந்த வருடம் லீக் கோப்பை இறுதியில், கீழ்ப்பிரிவில் இருந்த ரெய்த் ரோவர்ஸிடம் பெனால்டியில் தோற்றார்கள். 1995 மே மாதம் ஏர்ட்ரியை 1-0 என்று வென்று எடுத்த ஸ்காட்டிஷ் கோப்பைதான் நீங்கள் சொன்ன அந்த ஒன்று. ஆறு வருட வறட்சிக்குப் பிறகு வந்த கோப்பை அது. அடுத்த பருவத்தில் 36 லீக் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றார்கள். ஆனாலும் பதினோரு ஆட்டங்கள் டிராவில் போயின, அதே நகரத்துப் போட்டி அணியான ரேஞ்சர்ஸ் நான்கு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தைத் தூக்கிப் போனது. 1997 இல் பர்ன்ஸின் பதவி போனது. பிறகு இங்கிலாந்தில் ரெடிங் அணியிலும் கொஞ்ச காலம் இருந்தார், அது சரியாக அமையவில்லை.

தன்னை வெளியே அனுப்பிய அதே செல்டிக்குக்கு அவர் திரும்பி வந்ததுதான் முக்கியம். இளையோர் வளர்ச்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. பெரிய அணிக்கு மார்ட்டின் ஓ'நீல் மேலாளர். பேரும் புகழும் அங்கே.

அந்த வேலையின் பலன் எப்படித் தெரியும் என்றால், 2004 மார்ச் 25 ஆம் தேதி ஆட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய அணிகளுக்கான யுவேஃபா கோப்பை, பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானம். கிளாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டத்தில் செல்டிக் 1-0 என்று வென்றிருந்தது. ஆனால் வழக்கமான கோல்கீப்பர் ராப் டக்ளஸ் அதில் சிவப்பு அட்டை வாங்கியதால் இரண்டாவது ஆட்டத்தில் ஆட முடியாது. கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் டேவிட் மார்ஷல், வயது 19. அவருக்கு முன்னால் தடுப்பில் ஜான் கென்னடி, வயது 20. எதிரே ரொனால்டினோ ஆடும் அணி. தொண்ணூறு நிமிடமும் பந்து செல்டிக் பக்கமே வந்துகொண்டிருந்தது. மார்ஷல் பாய்ந்து பாய்ந்து தடுத்தார், கென்னடி தலையாலும் காலாலும் வெளியேற்றிக்கொண்டே இருந்தார். 0-0. செல்டிக் அடுத்த சுற்றுக்குப் போனது. இரண்டு பேருமே பர்ன்ஸ் பார்த்துக்கொண்ட இளையோர் பிரிவிலிருந்து வந்தவர்கள்.

இதில் எனக்கு இன்றும் மனம் கனக்கிற விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆட்டம் முடிந்து ஆறே நாளில், ருமேனியாவுக்கு எதிராக ஸ்காட்லாந்துக்கு முதல்முறையாக ஆடிய கென்னடியின் முழங்கால் ஒரு மோசமான மோதலில் சிதைந்தது. தேசிய அணியில் பர்ன்ஸ் அப்போது மேலாளர் பெர்ட்டி ஃபோக்ட்ஸுக்குத் துணைப் பயிற்சியாளர். தான் வளர்த்த பையன் விழுந்தபோது அவர் அந்த அணியோடுதான் இருந்தார். கென்னடி திரும்பி வர மூன்று வருடம் போல ஆனது. 26 வயதில் ஆட்டத்தையே விட வேண்டி வந்தது.

அதே இளையோர் பிரிவில் வளர்ந்த இன்னொரு வீரர் எய்டன் மெக்கீடி விஷயமும் இதே வருடம்தான். ஏப்ரலில் ஹார்ட்ஸ் அணிக்கு எதிராக செல்டிக்குக்கு முதல் ஆட்டம், முதல் கோல். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த தேசிய அணி அயர்லாந்து. அவர் பள்ளியில் இருந்த காலத்தில், ஸ்காட்லாந்து பள்ளி அணிக்குப் பள்ளி ஆட்டங்களில் ஆடுகிறவர்களைத்தான் எடுத்தார்கள். செல்டிக்கோ தன் பையன்களைப் பள்ளிக்கு ஆட விடவில்லை. அந்த இடைவெளியில் அயர்லாந்து அவரை எடுத்துக்கொண்டது.

செல்டிக்கின் லெனாக்ஸ்டவுன் பயிற்சி மையத்தையும் சொல்ல வேண்டும். அதுவரை செல்டிக் பயிற்சி செய்த பாரோஃபீல்டில் வசதிகள் மிகக் குறைவு. இளையவர்களும் பெரிய அணியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று விடாமல் வலியுறுத்தியவர்களில் பர்ன்ஸ் முக்கியமானவர். 2007 இல் அது திறந்தது. அப்போது மேலாளர் கார்டன் ஸ்ட்ராகனின் கீழ் பர்ன்ஸ் பெரிய அணிக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். தோல் புற்றுநோய் திரும்பி வந்து, 2008 மே 15 அன்று 51 வயதில் இறந்தார். ஒரு வாரம் கழித்து டண்டீயில் செல்டிக் லீக் பட்டம் வென்றது. அன்று கேப்டன் ஸ்டீபன் மெக்மேனஸ், அவரும் அதே இளையோர் பிரிவில் வளர்ந்தவர்.

கென்னடி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவரும் செல்டிக்கிலேயே பயிற்சியாளராகி, பிறகு மேலாளருக்குத் துணையாக உயர்ந்தார். அவர் வேலை பார்த்ததும் லெனாக்ஸ்டவுனில்தான்.