வாயுள்ள பிள்ளை பிழைக்கும்

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது)

அவைத்தலைவர் அவர்களே, இன்னொரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தும் நமக்காக இருந்துகொண்டிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, இந்த வட்டாரத்தில் தமிழ் வகுப்பு மூடிப்போகாமல் காத்துவரும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வார்டு மெம்பர் அவர்களே, பந்தல் போட்டதிலிருந்து வீட்டுக்கே போகாத வாசகசாலைச் செயலாளர் தம்பி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

தன்னம்பிக்கை பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி சொல்கிறேன். தன்னம்பிக்கை எப்படி வளர்கிறது, அதனால் அன்றாட வாழ்க்கையில் என்ன பலன், நம் பிள்ளைகளிடம் அதை எப்படி வளர்ப்பது. மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

ஆல்பர்ட் பாண்டுரா என்று ஓர் உளவியலாளர். கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழியில் வருகிறது என்று 1977இல் எழுதினார். நாமே செய்து பார்ப்பது, நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடம்பின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. பாம்பென்றால் படையும் நடுங்கும் அல்லவா? பாம்புக்கு அஞ்சுகிறவர்களை வைத்தே அவர் சோதித்தார். அடுத்தவர் பாம்பைத் தொடுவதை வேடிக்கை பார்த்தவர்களைவிட, கொஞ்சம் கொஞ்சமாகத் தாமே தொட்டுப் பழகியவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம் கூடியது. ஆக, கைதட்டலை விடச் செய்து பார்ப்பதுதான் பெரிது. என் பேச்சுக்கும் இது பொருந்தும். கேட்டுவிட்டுப் போனால் மட்டும் ஒன்றும் நடக்காது.

எங்கள் தெருக்கோடியில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். இரண்டு எருமை, தென்னந்தோப்பில் கூலி வேலை. வீட்டுக்காரர் பனையேறிப் பிழைத்தவர், காலமாகிவிட்டார். அந்த அக்காவின் விதவை பென்ஷன் திடீரென்று நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் மலையாளத்தில் எழுதத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவருக்குக் காசும் கொடுத்து அலைந்தார். அந்த ஆள் மனுவில் என்ன எழுதினார் என்பதே அக்காவுக்குத் தெரியாது. கைநாட்டு வைக்கிறவர் இல்லை, தமிழில் அழகாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் எதன் கீழே போடுகிறோம் என்று தெரியாமல் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையை உட்காரவைத்து, தான் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுத வைத்தார். அலுவலக ஜன்னலில் நீட்டியதும் வந்தது பதில்: “இது தமிழாச்சே, மலையாளத்தில் எழுதிட்டு வாங்க.” அக்கா அசையவில்லை. “ஐயா, இது என் மொழி. சட்டத்தில் இடம் இருக்கு. வாங்கிக்கிட்டு ரசீது கொடுங்க.” முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாராம். கால் நடுக்கம் நிற்கவில்லை, ஆனால் வாக்கியம் முழுசாக வந்துவிட்டது. “எப்படிக்கா வந்தது?” என்று கேட்டேன். “காலையில பால் கறக்கும்போது எருமைகிட்ட நாலஞ்சு தடவை சொல்லிப் பார்த்தேனுங்க. அது தலையைத் திருப்பிப் பார்த்துச்சு. நான் சத்தமாப் பேசி அது கேட்டதே இல்லையே!”

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் முடியும்வரை உட்கார்ந்தார். மேலதிகாரி வெளியே வந்து தாளை வாங்கினார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர், தமிழ் படிக்கத் தெரிந்தவர்! படித்தார், சீல் போட்டு ரசீது கொடுத்தார். பென்ஷன் வந்து சேர மேலும் சில மாதம் ஆனது. ஆனால் அடுத்த கிராம சபையில் தெருக்குழாய்க்காக எழுந்து நின்றவர் அதே அக்காதான். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் எழுந்தார்கள். பாண்டுரா சொன்ன இரண்டாவது வழி இதுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பக்கத்துப் பிள்ளையையும் பிழைக்க வைக்கும்.

அக்கா சொன்ன சட்டம் கற்பனை இல்லை. நம் சித்தூர் ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானம், 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். ஆட்சியின் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. குறையைச் சொல்லும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும், அதில் பிறகு வந்த திருத்தமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களின் அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதலாம் என்கின்றன. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். மலையாளம் நமக்குப் பகை மொழி அல்ல. சந்தையில், ஆஸ்பத்திரியில் தினமும் பேசுகிறோம், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் பென்ஷன் மனுவில் தன் கஷ்டத்தைத் தன் வாயால் சொல்ல முடியாதவருக்குத் தன்னம்பிக்கைப் புத்தகம் நூறு கொடுத்தும் என்ன?

பிள்ளைகளைப் பற்றி ஒன்று. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்து தரச் சொல்லும் 350-ஏ பிரிவு, மாநிலங்கள் பிரிந்த அதே 1956இல் சேர்ந்தது. தமிழ் வகுப்பில் சேர்க்கக் கூச்சப்படும் பெற்றோரே, உங்கள் கூச்சம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை குறைந்தால் வகுப்பு போய்விடும், போனால் திரும்ப வாங்குவது லேசு இல்லை.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் மணியைக் காட்டுகிறார். சரி. கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம். அடுத்த சபைக்கு எல்லோரும் வாருங்கள். அதற்கு முன், இன்றைக்கே ஒரு வேலை. வாசகசாலை மேசையில் வெள்ளைத்தாள் வைத்திருக்கிறோம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தர உட்கார்ந்திருக்கிறார்கள். தண்ணீரோ, ரேஷன் கார்டோ, பென்ஷனோ, உங்கள் வாயால் சொல்லி எழுத வையுங்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முதல் மனுவை இங்கேயே வாங்கிக்கொள்வதாகப் பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருக்கிறார். ரசீது கேட்க மறந்துவிடாதீர்கள். வணக்கம்.