பத்தும் பட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருடம் தீபாவளிக்கு முன்பு, என் அண்ணன் மகளைப் பினாங்கின் லெபோ பாசாரில் ஒரு துணிக்கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். மெல்பர்னில் பிறந்து வளர்ந்த பெண். இருபது வயதுக்கு மேல் தானே ஆசைப்பட்டுத் தமிழ் கற்றுக்கொண்டவள். கடையில் அவளே தமிழில் கேட்டாள். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்துப் புடவையாம்மா, பட்டுப் புடவையாம்மா?" என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, ஒரே வார்த்தையை ஏன் ரெண்டு தடவை சொல்றார்?"

அங்கேயே மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். பத்து. பட்டு. பத்து. பட்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது அத்தை."

பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பல வருடம் குழந்தை உளவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அவள் கவனமில்லாமல் இருந்தாள் என்று சொல்லமாட்டேன். அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்கிறது. ஆனால் இந்த வித்தியாசம் அவளுடைய காதுக்கும் ஒரு காலத்தில் எட்டியிருக்கும். அவள் ஆறு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட ஒலிகளில் இந்தியின் த, ட இரண்டும் இருந்தன. நம்முடைய த, ட போலத்தான்: ஒன்றுக்கு நாக்கு பல்லைத் தொடும், மற்றொன்றுக்கு மேலே மடங்கும். ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இல்லை. அவர்களுடைய ஒலி இரண்டுக்கும் நடுவில், பல்லுக்குச் சற்று மேலே ஈறில் பிறக்கிறது.

பேசத் தெரியாத குழந்தையிடம் 'உனக்கு வித்தியாசம் கேட்கிறதா' என்று எப்படிக் கேட்பது? குழந்தையை அம்மா மடியில் உட்கார வைக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ஒலி மாறும்போது பக்கத்தில் உள்ள பெட்டிக்குள் விளக்கு எரிந்து ஒரு பொம்மை ஆடும். நாலைந்து தடவை பார்த்ததும் குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது: ஒலி மாறினால் பொம்மை வரும். அதற்குப் பிறகு, ஒலி மாறியதுமே, பொம்மை ஆடுவதற்கு முன்பே தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஒலி மாறியது காதில் விழவே இல்லையென்றால் தலை திரும்பாது. அம்மா தன்னை அறியாமல் ஜாடை காட்டிவிடக் கூடாதே என்று அவர் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுப் போட்டுவிடுவார்கள். இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. குழந்தையைத் தொந்தரவு செய்யாமல் அதனிடமே பதிலை வாங்கிவிடுகிறார்கள்.

ஆங்கிலம் மட்டும் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் த-வையும் ட-வையும் நன்றாகவே பிரித்தார்கள். அவர்களுடைய அப்பா அம்மாவுக்கு முடியாதது அவர்களுக்கு முடிந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில், அதே மாதிரியான வீட்டுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முடியவில்லை. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கோ அந்த வயதிலும் அது அப்படியே இருந்தது.

வளர்ச்சி என்றால் கூடிக்கொண்டே போவது என்று நினைக்கிறோம். இங்கே ஒன்று குறைகிறது. காது பழுதாகிக் குறைவதில்லை. தன்னைச் சுற்றி எந்த மொழி பேசுகிறார்கள் என்று மூளை கணக்கெடுத்து, அதற்குத் தேவையான வித்தியாசங்களைக் கூர்மையாக்கிக்கொண்டு, மற்றவற்றைக் கைவிடுகிறது. இதைப் புலனுணர்வுக் குறுக்கம் என்று சொல்லலாம். முகங்களிலும் இது நடக்கிறது. ஆறு மாதக் குழந்தை ஒரு குரங்கின் முகத்தையும் இன்னொரு குரங்கின் முகத்தையும் பிரித்துப் பார்க்கும். ஒன்பது மாதத்தில் மனித முகங்களை மட்டும்தான்.

சரி, பினாங்குக்கு வருவோம். ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா தமிழில் கொஞ்சுகிறார். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை, மலாயில் பேசுகிறார். எதிர்வீட்டு ஆ மா, அதாவது சீனப் பாட்டி, ஹொக்கியன் என்ற சீன மொழியில் கூப்பிடுகிறார், அதில் தொனி மாறினால் பொருளே மாறிவிடும். இத்தனையும் அந்தப் பிஞ்சுக் காதில் விழுகிறது. "குழம்பிப் போகாதா டீச்சர்?" என்று என்னிடம் கேட்காத தாய்மார் குறைவு.

என் அண்ணன் மகள் கதையும் இதுதான். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு கிளினிக்கில் யாரோ அண்ணியிடம் சொல்லிவிட்டார்கள்: ரெண்டு மொழி பேசினால் குழந்தை பேசவே தாமதமாகும், ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று. நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். அண்ணனும் அண்ணியும் பயந்து, தங்களுக்குள் பேசுவதைக்கூட ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அண்ணி தாலாட்டுப் பாடுவதையும் நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் இன்னமும் மனதை அறுக்கிறது.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. குழந்தை பிறக்கும் முன்பே அம்மாவின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், வாயில் வைத்த ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றி மாற்றி, வேறொரு பெண்ணின் குரலைவிடத் தன் அம்மாவின் குரலையே அதிகம் வரவழைத்துக் கேட்டன என்று 1980-இல் வந்த ஆய்வு காட்டியது. 2010-இல் வெர்க்கரும் சகாக்களும் இதே முறையில் இன்னொன்றைச் சோதித்தார்கள். கர்ப்பமாக இருந்தபோது ஆங்கிலம், பிலிப்பைன்ஸ் மொழியான தகலோக் இரண்டையும் பேசிய தாய்மாரின் சிசுக்கள் இரண்டு மொழியையும் ஒரே அளவு விரும்பிக் கேட்டன. அதோடு, இரண்டும் வேறு வேறு மொழிகள் என்பதையும் பிரித்தறிந்தன. பிறந்த சில நாளில்! இரண்டு மொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் மற்றக் குழந்தைகளுக்கு இணையாகவே வரும்.

அப்புறம் கைப்பேசி விஷயம். சாப்பாட்டுக் கடையில் தள்ளுவண்டிக்கு முன்னால் கைப்பேசியைச் சாய்த்து வைத்துத் தமிழ்ப் பாப்பாப் பாட்டு ஓடவிடுகிறார்கள். "தமிழ் காதில் விழட்டும்" என்கிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் சியாட்டலில் பட்ரீஷியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வை இந்தப் பெற்றோர் அவசியம் அறிய வேண்டும். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து, படப் புத்தகம் படித்து, பொம்மை வைத்து விளையாடினார்கள். ஒரு தடவைக்கு 25 நிமிடம், நாலு வாரத்தில் 12 தடவை. மொத்தமே 5 மணி நேரம். அதற்குள் அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலி ஒன்றை, தைவானில் வளரும் குழந்தைகள் அளவுக்குப் பிரித்தறிந்தார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, அதே நேரம். ஆனால் தொலைக்காட்சித் திரையில் காட்டியபோதும் சரி, ஒலியை மட்டும் கேட்க வைத்தபோதும் சரி, குழந்தைகள் எதையும் கற்கவில்லை.

காரணம் முழுக்க ஒலியில் இல்லை. பாட்டி "இங்க பாரு, பந்து" என்று சொல்லும்போது அவர் கண் பந்தின் மேல் போகிறது, குழந்தையின் கண்ணும் கூடவே போகிறது. குழந்தை சிரித்தால் பாட்டி நிறுத்தி, சிரித்து, மறுபடி "பந்...து" என்று இழுத்துச் சொல்கிறார். திரை யாருக்காகவும் நிற்காது. அதனால் வானொலியில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்: கைக்குழந்தைக்கு இந்த நிகழ்ச்சியைப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் கேளுங்கள், பிறகு பிள்ளையோடு நீங்கள் பேசுங்கள். குளிப்பாட்டும்போது, துணி மடிக்கும்போது, வாழைப்பழம் உரிக்கும்போது. தாத்தாவை பிள்ளைக்கு எதிரே உட்கார வையுங்கள், கூடத்தில் டிவிக்கு எதிரே அல்ல.

ஒரு வயது தாண்டிவிட்டதே என்று யாரும் கலங்க வேண்டாம். கதவு அடைபட்டுப் போவதில்லை. பெரியவர்களும் பழகினால் பிடித்துக்கொள்ளலாம். குழந்தைக்குச் சும்மா கிடைத்ததை நாம் உழைத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். என் அண்ணன் மகள் இப்போது வாரம் இரண்டு நாள் என்னோடு தொலைபேசியில் பழகுகிறாள். நான் சொல்வேன், அவள் 'பத்து' அல்லது 'பட்டு' என்று ஊகிப்பாள். ஆரம்பத்தில் பத்துக்கு ஐந்து சரியாக வரும். போன வாரம் எட்டு.

அவள் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளைப்பேறு பார்க்க, இப்போது இங்கே இருக்கும் அண்ணி மெல்பர்ன் போய் மூன்று மாதம் இருப்பதாக முதலில் திட்டம். போன ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணியும் காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். பிரசவத்துக்கு ஆறு வாரம் இருந்துவிட்டுத் திரும்பி, குழந்தைக்கு ஏழு மாதம் ஆனதும் மறுபடி போய் மீதி நாளையும் இருப்பது என்று மாற்றிவிட்டார். விமானச் செலவு இரட்டிப்புதான். அண்ணி அதைப் பற்றிப் பேசவே இல்லை. பாதி மறந்துபோன தாலாட்டை என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறார்.

நன்றி, வணக்கம்.