டாக்டர் இல்லாத ஊரில் ஒரு சிசேரியன்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு மகப்பேறு மருத்துவர். "சிசேரியன் மட்டும் வேண்டாம் டாக்டர்" என்று கெஞ்சுகிற குடும்பங்களிடம் பேசியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. இன்று பேசப்போவது, சிசேரியனுக்குக் கெஞ்சினாலும் கிடைக்காத இடத்தைப் பற்றி.

கிழக்கு ஆப்பிரிக்காவில் மொசாம்பிக். 1975-இல் விடுதலை கிடைத்தது. போர்த்துக்கீசியர் மூட்டை கட்டியபோது டாக்டர்களில் பெரும்பாலோரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். 1977-இல் உள்நாட்டுப் போர். 1992 வரை ஓயவில்லை. சாலைகளில் கண்ணிவெடி. பிரசவம் சிக்கலானால் நகரத்துக்கு அனுப்பவும் வழியில்லை.

சிக்கல் என்றால் எப்படி? ஒரு நாள் முழுக்க வலி எடுத்தும் குழந்தை வெளியே வராது. தலை இடுப்பெலும்புக்குள் ஆப்பு போல இறுகியிருக்கும். வயிற்றைத் திறந்து கையை விட்டால் தலைக்கும் எலும்புக்கும் நடுவே விரல் நுழையாது. கீழேயிருந்து ஒருவர் தலையை மெல்ல மேலே தள்ளிக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கர்ப்பப்பை பக்கவாட்டில் கிழிந்து ரத்தம் கொட்டும். புத்தகம் படித்து இது வராது. கை பழக வேண்டும்.

சரி, கை பழக எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டுமா? வேண்டாம் என்று 1984-இல் முடிவெடுத்தது மொசாம்பிக். அனுபவமுள்ள நர்ஸ்களையும் மருத்துவ உதவியாளர்களையும் பொறுக்கியெடுத்து, இரண்டு வருடம் தலைநகர் மபுடோவில், ஒரு வருடம் மாகாண ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை கற்றுக்கொடுத்தார்கள். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழை என்றால் அரைகுறை வைத்தியமா?

1996-இல் வெளியான ஆய்வு என் வாயை அடைத்தது. 2,071 சிசேரியன்களை எடுத்துக்கொண்டு, இவர்கள் செய்ததையும் நிபுணர்கள் செய்ததையும் ஒப்பிட்டார்கள். மேல்தோல் தையல் பிரிவது இவர்களிடம் சற்று அதிகம். மற்றபடி சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2002 கணக்குப்படி, கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய மகப்பேறு அறுவை சிகிச்சைகளில் 92 சதவீதம் இவர்கள் கையால் நடந்தவை. கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏழு வருடம் கழித்தும் 88 சதவீதம் பேர் அங்கேயே இருந்தார்கள். அதே போல அனுப்பப்பட்ட டாக்டர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

இதைத் தியாகம் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு வெளிநாடு போக முடியாது. அதுவும் ஒரு காரணமாக இருக்கும். எதனால் என்றாலும், நள்ளிரவில் கூப்பிட்டால் வர ஊரில் ஓர் ஆள் இருந்தார்.

ஆனால் வெட்டித் தைக்க ஆள் கிடைத்தால் மட்டும் போதாது. 22 ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கே சிசேரியனுக்குப் பின் தாய் இறப்பது பணக்கார நாடுகளைவிட 50 மடங்கு அதிகம். இறந்தவர்களில் பலருக்கு ரத்தப்போக்கு, சிலருக்கு மயக்க மருந்தால் வந்த சிக்கல். குழந்தையை எடுத்தாகிவிடும், அதுவும் அழும். தாய்க்கு ரத்தம் நிற்காது. ஏற்றுவதற்கு ஒரு பை ரத்தம் ஃப்ரிட்ஜில் இருக்காது. அப்போது எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும், துணியை வைத்து அழுத்திக்கொண்டு நிற்கத்தான் முடியும்.

நன்றி, வணக்கம்.