வடசென்னைக்கும் ஒரு மாநாடு
(ராயபுரத்தில் ஆங்கில ஆசிரியர் கூட்டத்தில் பேசியது)

தலைமை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வேறு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, நாற்காலி முதல் மதியச் சாப்பாடு வரை பார்த்துக்கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, தண்டையார்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வந்திருக்கும் சக ஆசிரியர்களே, வணக்கம்.

ஆங்கில ஆசிரியர் மாநாடுகள் வளர்ந்த கதை, அவற்றால் வகுப்பறைக்குக் கிடைத்தது, தேர்வு முறை என மூன்றைப் பற்றிப் பேச வந்தேன்.

1967-ல் டபிள்யூ. ஆர். லீ முன்கை எடுத்து இங்கிலாந்தில் தொடங்கிய ஆங்கில ஆசிரியர் சங்கம்தான், இன்று பன்னாட்டுச் சங்கமாக இருக்கும் ஐஏடெஃபல். லண்டனில் தொடங்கிய அதன் மாநாடு பிரைட்டன், லிவர்பூல், கிளாஸ்கோ என்று ஊர் ஊராகப் போனது. சிறுவருக்குக் கற்பிப்போர், உச்சரிப்பில் ஆர்வமுள்ளோர் என்று தனித்தனிக் குழுக்கள் முளைத்தன. நம்முடைய எல்டாய், அதாவது இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம், 1974-ல் இதே சென்னையில் பிறந்தது. அதன் ஆண்டு மாநாடும் மாநிலம் மாநிலமாகப் போகிறது. ஏன் வளர்ந்தன? வகுப்பில் தினமும் நிற்கிற ஆசிரியரே மேடையேறித் தன் அனுபவத்தைச் சொல்ல முடிந்ததால்.

'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற' என்பார் என் பாட்டி.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். ஜூன் முதல் தீபாவளி வரை ஆங்கிலத்தில் வாயே திறக்கவில்லை. திட்டினேன், கெஞ்சினேன், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு ஞாயிறு விடியற்காலை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். ஏலக் கூச்சல், காலெல்லாம் ஈரம். அங்கே அவன், அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நின்று, வெளிமாநிலத்துக்காரர் ஒருவரிடம், "சார், திஸ் வஞ்சரம், டுடே போட், நோ ஐஸ்! டச் அண்ட் சீ!" என்கிறான். செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுகிறான். அவர் விலையைக் குறைத்துக் கேட்க, "நோ சார், டீசல் காஸ்ட்லி" என்கிறான்! நான் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். திங்கட்கிழமை வகுப்பறையை மீன் சந்தையாக்கினேன். அவன்தான் ஏலம் போட்டான். அப்புறம் அவன் பேச்சை நிறுத்துவதுதான் என் வேலையாக இருந்தது. பாடிக் கறக்கிற மாடு, ஐயா!

இதைச் சொல்ல ஒரு மாநாட்டில் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். அலுவலகத்தில் ஓ.டி., அதாவது போகிற நாளையும் பணி நாளாகக் கணக்கிடும் அனுமதி, கிடைக்கவில்லை. சம்பளம் இழந்துதான் போனேன். அரங்கில் மாநகராட்சிப் பள்ளியிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

தேர்வு முறைக்கு நேரமில்லை, சரி. கல்வி அலுவலர் ஐயா முன்னால் இருப்பதால் கேட்டுவிடுகிறேன். மாநாட்டில் கட்டுரை படிக்கும் ஆசிரியருக்கு ஓ.டி. கொடுங்கள். எல்டாயின் அடுத்த மாநாட்டில் ஒரு நாளையாவது வண்ணாரப்பேட்டையில் நடத்தச் சங்கத்தாரிடம் பேசுங்கள். மெட்ரோ வந்துவிட்டது, வருகிறவர்களுக்குச் சிரமம் இல்லை. மனுவில் இங்கேயே கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன், ஐயா. மேடையை விட்டு இறங்கியதும் தருகிறேன்.