ஸ்டார்ட் ஆன பிறகும் சார்ஜிங் லைட் அணையவில்லையா? முதலில் ஒரு ஒயரைக் கழற்றுங்கள்

சரி, அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் பழைய டிராக்டர் ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பினால் சார்ஜிங் லைட் எரிகிறது. இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகும் அணைய மாட்டேன் என்கிறது. ஆல்டர்னேட்டரைக் கழற்றி வேலை பார்த்து மாட்டியாகிவிட்டது, பேட்டரியும் புதிது. போதாக்குறைக்கு ஆயில் லைட்டும் மேடு பள்ளத்தில் போகும்போது விட்டுவிட்டு எரிகிறது. அடுத்து எதை மாற்றலாம்?"

எதையும் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு ஒயரைக் கழற்றிப் பார்த்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும். எந்த ஒயர் என்று சொல்லிவிடுகிறேன், அதற்கு முன்னால் அந்த லைட் எதனால் எரிகிறது என்று பார்த்துவிடுவோம்.

சார்ஜிங் லைட் பல்புக்கு இரண்டு முனை. ஒரு முனைக்கு சாவி வழியாக பேட்டரி கரண்ட் வருகிறது. இன்னொரு முனையிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று ஆல்டர்னேட்டருக்கு, அதாவது இன்ஜின் ஓடும்போது பெல்ட்டால் சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவிக்குப் போகிறது. அந்த டெர்மினலில் பெரும்பாலும் 'டி பிளஸ்' அல்லது 'எல்' என்று போட்டிருக்கும். இன்ஜின் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் பக்கம் வோல்டேஜ் கிடையாது. அதனால் கரண்ட் பல்பைத் தாண்டி, கார்பன் பிரஷ் வழியாக ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டர் காயிலுக்குள் போய், கடைசியில் பாடி எர்த்தில், அதாவது வண்டியின் இரும்பு உடம்பில் சேர்கிறது. பல்பு எரிகிறது. இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த முனையிலும் பேட்டரி அளவுக்கு வோல்டேஜ் ஏறிவிடுகிறது. வடம் இழுக்கும்போது இரண்டு பக்கமும் சம பலமாக இருந்தால் வடம் நகராது இல்லையா, அதே கதைதான். பல்பு அணைகிறது. ஆக, அந்த லைட்டுக்கு சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்பதெல்லாம் தெரியாது. தன் இரண்டு முனைக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் எரியும், அவ்வளவுதான்.

இப்போது சோதனை. இன்ஜினை நிறுத்திவிட்டு சாவியை மட்டும் போடுங்கள். லைட் எரியும். ஆல்டர்னேட்டரில் இருக்கும் அந்த மெல்லிய ஒயரை உருவி, எதிலும் படாமல் தனியாகப் பிடியுங்கள். தடித்த ஒயரில் கை வைக்க வேண்டாம். அது பேட்டரியிலிருந்து நேரடியாக வருவது, சாவி போடாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் தெரியாமல் பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

மெல்லிய ஒயரை உருவியதும் லைட் அணைந்தால் ஒயர் நன்றாக இருக்கிறது, குறை ஆல்டர்னேட்டரிலோ பெல்ட்டிலோ. உருவிய பிறகும் எரிந்துகொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் எங்கேயோ அந்த ஒயர் பாடியில் உரசுகிறது.

உங்கள் டிராக்டரில் இரண்டாவதுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் நீங்கள் சொன்ன ஆயில் லைட். ஆயில் பிரஷர் சுவிட்ச் என்ன செய்கிறது? பிரஷர் இல்லாதபோது தன்னிடம் வரும் ஒயரை பாடியோடு சேர்த்துவிடுகிறது, லைட் எரிகிறது. பிரஷர் ஏறியதும் பிரித்துவிடுகிறது, லைட் அணைகிறது. அதாவது இந்த இரண்டு லைட்டுமே ஒயர் பாடியில் பட்டாலே எரியக் கூடியவை. இரண்டு ஒயரும் பெரும்பாலும் ஒரே கட்டாகத்தான் டேஷ்போர்டிலிருந்து இன்ஜினுக்கு இறங்கும். ஒன்று நிரந்தரமாக எரிகிறது, இன்னொன்று குலுங்கும்போது எரிகிறது என்றால் கட்டு ஓரிடத்தில் தேய்ந்திருக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும்.

நான் ஒரு வண்டியில் இதைத் தேடி அரை நாள் போயிற்று. டேஷ்போர்டுக்குப் பின்னால், ஸ்டீயரிங் கம்பத்தைப் பிடித்திருக்கும் தகட்டின் ஓட்டை வழியாக ஒயர் கட்டு போகிறது. அந்த ஓட்டையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் எப்போதோ உதிர்ந்து போயிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கட்டைக் கையால் புரட்டியபோதுதான் அடிப்பக்கத்தில் கடுகளவு செம்பு பளபளத்தது. அதே இடத்தில் தகட்டின் ஓரமும் துரு இல்லாமல் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளபளப்பைத்தான் நீங்களும் தேட வேண்டும். மெல்லிய ஒயரை உருவியபடியே விட்டு, சாவியைப் போட்டு வைத்து, ஒருவரை சார்ஜிங் லைட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே வாருங்கள். லைட் மினுக்கும் இடம்தான் இடம். டேப் மட்டும் சுற்றினால் மறுபடியும் தேயும், ரப்பர் வளையமும் போடுங்கள்.

ஒருவேளை ஒயரை உருவியதும் லைட் அணைந்துவிட்டால் முதலில் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் கூடாது. இறுக்கமாக இருந்தும் வழுக்கும் பெல்ட் உண்டு. தேய்ந்துபோய் புல்லியின் அடிவரை இறங்கிவிட்டால் பக்கவாட்டில் பிடிப்பு இருக்காது. புல்லியின் பள்ளத்து அடிப்பாகம் மினுமினுப்பாக இருந்தால் அதுதான் காரணம். பெல்ட் சரியாக இருந்தால் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். நிற்கும்போது 12.6 வோல்ட் இருக்கும் பேட்டரி, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஏறவே இல்லை என்றால் பிரஷ், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், கரண்டை ஒரு பக்கம் மட்டுமே விடும் டயோடு, இந்த மூன்றில் ஒன்று. 12 வோல்ட் வண்டிக்குச் சொல்கிறேன்.

லைட் முழுசாக எரியாமல் மங்கலாக எரிந்தால் அது வேறு கணக்கு. சாவியைக் கழற்றிய பிறகும் மங்கலாக எரிகிறது என்றால் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு டயோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி இறங்கிவிடும், உடனே பாருங்கள். இன்னொன்று விசித்திரமாக இருக்கும்: நிற்கும்போது எரியாத லைட், இன்ஜின் ஓடும்போது எரியும். அப்போது டேஷ்போர்டுக்கு வரும் பியூஸ் போயிருக்கிறதா என்று பாருங்கள். சாவிப் பக்கம் கரண்ட் இல்லாததால் ஆல்டர்னேட்டர் பக்கமிருந்து கரண்ட் பல்புக்குள் தலைகீழாக வருகிறது.

பலர் செய்யும் ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜிங் லைட்டில் எல்இடி பல்பு போடாதீர்கள். அந்த பல்பு வழியாகப் போகும் கொஞ்சம் கரண்ட்தான் ரோட்டருக்கு ஆரம்பத்தில் காந்த சக்தி கொடுத்து ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. 2 வாட் அளவுள்ள சாதா பல்புக்கு பதில் எல்இடி போட்டால் அந்தக் கரண்ட் போதாது, ஆல்டர்னேட்டர் தூங்கிக்கொண்டே இருக்கும். பல்பு ஃபியூஸ் ஆனாலும் இதே கதிதான். ஆல்டர்னேட்டருக்கு பதில் பழைய டைனமோ உள்ள வண்டியாக இருந்தால், ஐடிலிங்கில் லைட் மினுக்குவது குறை இல்லை. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அணைய வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது சோதித்துப் பார்க்கிறேன் என்று பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் செய்தால் வோல்டேஜ் எகிறி, நல்ல டயோடுகளும் போகும்.

கடைசியாக ஆயில் லைட். ஒயர்தான் காரணமாக இருக்கும் என்று நான் சொன்னதை நம்பி அப்படியே உழவுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம், சாவியைப் போட்டுக்கொண்டு சுவிட்ச்சிலிருந்து ஒயரைக் கழற்றி கட்டை ஆட்டுங்கள். அப்போதும் லைட் எரிந்தால் ஒயர். எரியவே இல்லை என்றால் சுவிட்ச்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டி இன்ஜினை ஓட்டி அளந்து பார்க்காமல் வேலைக்குப் போகக் கூடாது. டீசல் இன்ஜின் கரண்ட் இல்லாமலும் ஓடும், ஆயில் இல்லாமல் சில நிமிடம்கூடத் தாங்காது. சுவிட்ச்சைத் திரும்ப மாட்டும்போது மரையில் டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றாதீர்கள். ஒற்றை ஒயர் சுவிட்ச்சுக்கு மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. அது அறுந்தால் லைட் எப்போதுமே எரியாது, நீங்களும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அந்த மெல்லிய ஒயரை உருவியதும் லைட் அணைந்ததா இல்லையா என்று மட்டும் கீழே எழுதுங்கள் நண்பரே. அதை வைத்து மேற்கொண்டு சொல்கிறேன்.